அளவு அட்டை

அந்தத் தாள் வகுப்புக்கு வந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் கை பரபரக்கிறது.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கொண்டுவந்திருந்தான். அவன் அப்பா சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் மிஷினுக்குத் தாள் போடுகிறவர். கலர் ஒழுங்காக விழாத தாள்களை அங்கே கழித்துக் கட்டிவிடுவார்கள். அதில் ஒன்றிரண்டு, நோட்டுக்கு அட்டை போட என்று வீட்டுக்கு வரும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளின் நோட்டுக்கு அப்படித்தான் அட்டை. ஒருத்தியின் கணக்கு நோட்டில் முருகன் காலண்டர் இருக்கும், பக்கத்தில் இருப்பவன் நோட்டில் ஏதோ ஒரு ஊர் பிஸ்கட் இருக்கும். இவன் கொண்டுவந்தது குழந்தைகள் கதைப் புத்தகம் ஒன்றின் முழுத் தாள். எட்டுப் பக்கமும் ஒரே தாளில், நாலு நேராக, நாலு தலைகீழாக. பனியில் ஒரு கரடிக்குட்டி எதையோ தேடிக்கொண்டு போகிறது. தரையில் விரித்ததும் பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி நகர்ந்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கதையைப் பிடிக்கப் பார்த்தார்கள். எனக்கே தெரியாத மொழி. கடைசிப் பக்க மூலையில் விலை மட்டும் வெளிநாட்டுப் பணத்தில் போட்டிருந்தது.

போனில் அதை ரூபாய்க்கு மாற்றிச் சொன்னேன். அங்கே இருந்த பிள்ளைகளின் அம்மாக்களில் பலருக்கு அது இரண்டு நாள் கூலி. தாள் கொண்டுவந்தவன் கேட்டான்.

“சார், இதை அடிச்சது நம்ம ஊர்லதான. பெறகு ஏன் நம்ம ஊர்க் கடையில இது இல்ல?”

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். இந்தக் கேள்விக்காகத்தான் நான் வாத்தியார் வேலைக்கே வந்தேன் என்று தோன்றியது.

விஸ்வநத்தத்தைத் தாண்டி இருக்கிற சின்ன ஊர் அது. தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியையும் நானும் மட்டும். நான் தற்காலிக ஆசிரியர். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் என்னிடம், இரண்டும் சேர்ந்து இருபது பேர். என் அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். மழை ஏமாற்றிக்கொண்டே இருந்ததில் அப்பா தீப்பெட்டிக் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போனார், அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னப் போனாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான்தான். அதனாலோ என்னவோ, எனக்கு ஒன்று புரிந்துவிட்டால் அதை உடனே நாலு பேரிடம் சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

உலக வியாபாரம் என்று பலகையில் எழுதிப் போட்டால் யாருக்கும் ஒட்டாது, விளையாடினால் ஒட்டும் என்று முடிவு செய்தேன். அச்சகத்தில் கேட்டு வெட்டுத் தாள் ஒரு கட்டு வாங்கிவந்தேன். கத்தரிக்கோல் இரண்டு, ஸ்கேல் இரண்டு, கிண்ணத்தில் மைதாப் பசை. பணத்துக்குப் புளியங்கொட்டை. கொட்டைக்காக அம்மாவின் டப்பாவைத் திறந்தபோது, பல்லாங்குழி ஆடவா அம்புட்டுப் படிச்ச என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இரண்டு படி அளந்தும் போட்டாள்.

விளையாட்டு இதுதான். வகுப்பு சில நாடுகளாகப் பிரியும். ஒவ்வொரு நாடும் தாளில் கவர் செய்து சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். சந்தை நான். பழைய காலண்டர் அட்டையில் ஒரு அளவு வெட்டி, எல்லோருக்கும் ஒரு தடவை காட்டிவிட்டு, என் கையிலேயே வைத்திருப்பேன். கவர் அந்த அட்டையோடு சரியாகப் பொருந்தினால் கொட்டை கிடைக்கும், இல்லையென்றால் தள்ளிவிடுவேன். சிவப்பு நாட்டுக்குக் கத்தரியும் ஸ்கேலும் பசையும் எல்லாம் உண்டு, தாள் மட்டும் இரண்டே இரண்டு. மற்ற நாடுகளுக்கு மடி நிறையத் தாள், வேறு ஒன்றும் கிடையாது. கொடுத்து வாங்கிப் பிழைத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் பாடு.

நாலு நாடு, நாட்டுக்கு ஐந்து பேர் என்று பிரித்தேன். பிரித்த உடனே ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது சார் என்றான். இது கவர்தான்லே, வெடிக்காது என்றேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்கு உள்ள சட்டம் அது. அம்மாக்களிடம் கேட்டுக் கேட்டு, வேலை என்றாலே அப்படித்தான் என்று பிள்ளைகளுக்குப் பதிந்துபோயிருந்தது. நானும் ஐந்தாவதாக ஒரு நாட்டை உண்டாக்கினேன். எல்லோரும் செருப்பை வெளியே விட்டார்கள். யாரோ ஒருத்தி வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள், அதுவும் கம்பெனிச் சட்டம்தான்.

தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் என் திட்டம் என் கையை விட்டுப் போய்விட்டது. சிவப்பு நாட்டுப் பையன் கத்தரிக்கு வாடகை போட்டான். வெட்டித் தருகிற மூன்று கவரில் இரண்டு அவனுக்கு. பச்சை நாடு பசைக்காகத் தன் தாளில் பாதியைக் கொடுத்தது. மஞ்சள் நாட்டில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள், பேசினால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள். அவள் கத்தரி கேட்டு யாரிடமும் போகவில்லை. பாவாடை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினாள். தாளை மடித்து நகத்தால் அழுத்தி, மடிப்புக்குள் நூலை வைத்து ஒரே இழுப்பு. தாள் இரண்டாகப் பிரிந்தது. அவள் அம்மாவும் சரம் பின்னுகிறவர், நூலோடு பழகிய வீடு. பசைக்கு அவள் கொடுத்ததும் இரண்டே தாள்தான்.

சந்தோஷத்தில் எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் நான் சந்தை, சந்தை சந்தோஷப்படக் கூடாது. கவர் நிறைய வந்து குவிந்ததால் கவருக்கு மூன்று கொட்டை என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தேன். மஞ்சள் நாட்டுக் கவர்களில் ஆறைத் தள்ளினேன். ஓரம் பிசிறாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன்.

அந்தப் பெண் ஆறையும் பொறுக்கிக்கொண்டாள். போகாமல் நின்றாள்.

“அளவு அட்டை ஒங்க கையில மட்டும் இருக்கு சார். எங்களுக்கும் ஒண்ணு குடுங்க. பெறகு தள்ளுங்க.”

அவளுக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக அதை அப்படியே என் நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன். அவ்வளவு பரவசம் எனக்கு.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வராந்தாவில் வந்தார். ஜன்னலோரத்துப் பையன் மெதுவாக, ஆபீஸர் வாராக என்றான். கண் மூடித் திறப்பதற்குள் தாளும் கத்தரியும் பசையும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டன. இருபது பேரும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேர் கையில் புத்தகம் தலைகீழாக. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, கம்பெனிக்குச் சோதனை போட ஆபீஸர் வந்தால் என்ன நடக்கும் என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார், நான் என் கையில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்தேன். என்ன நடக்கிறது தம்பி என்று மட்டும் கேட்டார். விவரத்தைச் சொன்னேன். சிரித்தார். சிரித்த பிறகு, பார்த்து நடத்துங்க, இது நம்ம ஊரு என்றார். அந்தக் கடைசிப் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. காலை கம்பெனி வேன் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பெண்ணின் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றார். கையில் தூக்குவாளி. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

“கம்பெனிக்கு அனுப்பக் கூடாதுன்னுதான சார் பிள்ளைய இங்க அனுப்புறோம். நீங்க இங்கனயே கம்பெனி வச்சிட்டீகளா?”

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அவர் நிறுத்தாமல் பேசினார். ஏழு வயதில் தன்னைத் தீப்பெட்டி ஒட்ட உட்காரவைத்தார்களாம். விரலில் ரேகையே பசையோடு போய்விட்டது என்று கையைக் காட்டினார். நேற்று ராத்திரி பிள்ளை நகத்தில் பசை காய்ந்து கிடந்திருக்கிறது. என்னவென்று கேட்டால், கவர் ஒட்டினோம், சார் ஆறைத் தள்ளிவிட்டார், ரேட்டையும் குறைத்துவிட்டார் என்றிருக்கிறாள். திங்கட்கிழமை வருவேன், டிசி எழுதி வையுங்கள், சீட்டுப் பணத்தை எடுத்தாவது சிவகாசியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். வேன் ஆரன் அடித்தது. அவர் ஓடி ஏறிக்கொண்டார்.

வகுப்புக்குள் போய் அந்தப் பெண்ணிடம் வீட்டில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். நடந்ததைத்தான் சொன்னேன் என்றாள். யோசித்துவிட்டு, “வெளையாட்டுன்னு சொல்ல மறந்துட்டேன் சார்” என்றாள்.

அவள் மறந்ததில் தப்பே இல்லை. அவளுக்கு அது விளையாட்டாகவே இருந்திருக்காது. நாடு, சந்தை என்றெல்லாம் நான் போட்ட பெயர்களை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அவள் வீட்டில் தினமும் பேசுகிற பேச்சு. பசை, ரேட்டு, தள்ளுபடி. அந்தப் பேச்சிலிருந்து தப்பவைக்கத்தான் அவள் அம்மா அவளை என்னிடம் அனுப்பியிருந்தார். நான் கிண்ணத்தில் பசை கரைத்து அவள் முன்னால் வைத்திருக்கிறேன். என் வகுப்பிலேயே நல்ல கேள்வியைக் கேட்டவள் திங்கட்கிழமை போய்விடப் போகிறாள்.

தலைமையாசிரியை விளையாட்டை நிறுத்தச் சொன்னார். ஒரே ஒரு தடவை, அம்மாக்கள் முன்னாலேயே நடத்திக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் தாள் கட்டை நானே எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் தந்தார். வியாழன் மாலை வேன் வந்து நிற்கிற இடத்தில் போய் நின்று, இறங்கிய ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அந்த அம்மாவிடமும் சொன்னேன். என்னைத் தாண்டி நடந்து போனார்.

வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். கைகூடக் கழுவாமல், வேனிலிருந்து நேராக. அந்த அம்மாவும் வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. வாசற்படியில் தூக்குவாளியோடு நின்றார். அவர் மகள் பின் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அன்று அவள் ஆடவில்லை. சிவப்பு நாட்டைப் பிள்ளைகள் நாலு பேரிடம் கொடுத்தேன். அம்மாக்கள் மற்ற நாடுகள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அறை முழுக்க ஒரே சிரிப்பு. சிவப்பு நாட்டுப் பையன் தன் அம்மாவிடமே கத்தரிக்கு மூன்றில் இரண்டு கேட்டான்.

“ஏலே, எங்கிட்டயே வாடகையா? வீட்டுக்கு வா, சோறு இருக்கான்னு பாரு.”

“இது ஒலக வியாபாரம்மா. வீட்டுப் பேச்சு இங்க பேசக் கூடாது.”

அந்தப் பையனின் அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஜாக்கெட்டில் செருகியிருந்த நூலை உருவினார். பக்கத்தில் இருந்தவர்களும் உருவினார்கள். அத்தனை பேரும் நூலில்தான் கிழித்தார்கள், அந்தப் பெண் செய்தது போலவே, ஆனால் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு. எனக்குப் பார்த்து மாளவில்லை. கவர்கள் மேசைக்கு வந்தன. போன தடவை மாதிரியே விலையைக் குறைத்தேன். நூலில் கிழித்ததில் நாலைத் தள்ளினேன். ஓரம் பிசிறு.

சிரிப்பு நின்றுவிட்டது. தள்ளப்பட்ட கவரை ஒரு அம்மா எடுத்து முந்தானையால் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்கப் பார்த்தார். இங்கேயே நிறுத்திவிடலாம் என்று எழப் போனேன்.

அப்போது வாசற்படியில் தூக்குவாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. “நில்லுங்க மதினி. ஒருத்தரும் அவருகிட்டக் கொண்டு போகாதீக” என்றார். கவர்களையெல்லாம் வாங்கி நடுத் தரையில் ஒன்றாகக் குவித்தார். குவியலுக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மேசையில் நான் ஒருத்தன். முன்னால் இரண்டு படி புளியங்கொட்டை, வாங்க ஒரு கவரும் இல்லை. சிவப்பு நாடும் கத்தரியை வைத்துக்கொண்டு முழித்தது, அவர்களிடம் தாள் தீர்ந்துபோயிருந்தது. மூன்று கொட்டை தருகிறேன் என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. நாலு என்றேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பின் பெஞ்சில் அந்தப் பெண் கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றிருந்தாள்.

“ரேட்டு கெடக்கட்டும் சார்” என்றார் அவர். “அந்த அட்டைய இங்கன குடுங்க.”

கொடுத்தேன். நான் தள்ளிய நாலு கவரையும் ஒவ்வொன்றாக எடுத்து அட்டையை வைத்துப் பார்த்தார். நாலும் பொருந்தின. பிறகு, நான் மறுபேச்சில்லாமல் வாங்கி மேசையில் அடுக்கியிருந்த சிவப்பு நாட்டுக் கவர்களை எடுத்தார். முதல் கவர் அட்டையை விட ஒரு விரற்கடை பெரிது. இரண்டாவதும் அப்படியே.

என் முகம் சூடாகிவிட்டது. விளையாட்டுக்காக வேண்டுமென்று செய்தேன் என்று சொல்லியிருக்கலாம், அவர்களும் நம்பியிருப்பார்கள். உண்மை அதுவல்ல. கத்தரியில் வெட்டியது என்பதாலேயே அது சரியாக இருக்கும் என்று நினைத்து, சிவப்பு நாட்டுக் கவர்களை நான் அளந்தே பார்க்கவில்லை. இரண்டு நாளும். அநியாய வியாபாரத்தைச் சொல்லிக்கொடுக்க வந்தவன், அதைத் தெரியாமலே செய்திருந்தேன். அப்படியே அவர்களிடம் சொன்னேன்.

“கம்பெனியிலயும் வேணும்னு செய்ய மாட்டாக சார்” என்றார் ஒரு அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் இடம் இருந்தது.

பின் பெஞ்சிலிருந்து அந்தப் பெண் சொன்னாள்.

“நானும் அட்டையத்தான் கேட்டேன்மா. அன்னிக்கே.”

“கேட்டியா? அதுக்கு சார் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. நோட்டுல எழுதிக்கிட்டாரு.”

அம்மா முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார், கொஞ்சம் இளக்காரமாகத்தான். மகளை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கரடிக்குட்டித் தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அதைக் காட்டி, பையனின் கேள்வியில் தொடங்கி, எதற்காக இந்த விளையாட்டு என்று வேக வேகமாகச் சொன்னேன். அச்சடிக்கிற ஊர் ஒன்று, விலை போடுகிற ஊர் இன்னொன்று, படிக்கிற ஊர் வேறொன்று என்று. அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகிவிட்டது. தலைமையாசிரியையும் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமையைப் பற்றி அந்த அம்மா ஒன்றும் சொல்லாமலே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார்.

சனியும் ஞாயிறும் எனக்கு ஓடவே இல்லை. திங்கட்கிழமை ஏழரைக்கே போய் வாசலில் நின்றேன். அம்மாவும் மகளும் தெருமுனையில் திரும்பியதும் முதலில் பார்த்தது மகளின் தோளைத்தான். புத்தகப் பை தொங்கியது.

வேனுக்கு நேரமாகிறது என்று நின்றபடியே சொன்னார்.

“டிசி இருக்கட்டும். ஆனா பிள்ளைக கையில பசை படக் கூடாது. ஒட்டுறதை நாங்க ஒட்டியாச்சு. இதுக கேக்கப் படிக்கட்டும்.”

சரி அக்கா என்றேன். மகளின் நகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வேன் பக்கம் நடந்தார்.

அன்றைக்கே விளையாட்டை மாற்றினோம். செய்வது நான் ஒருவன் மட்டும், பசையும் எனக்கு மட்டும். இருபது பேரும் சந்தை. பழைய காலண்டர் அட்டையில் ஆளுக்கு ஒரு அளவு அட்டை வெட்டினார்கள். வெட்டியதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. யாருடையது சரி என்று சண்டை வந்தது. அந்தச் சண்டையிலேயே ஒரு பாடவேளை போய்விட்டது, என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல பாடவேளை நடத்தியதில்லை. கடைசியில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரே அட்டையைச் சுவரில் ஆணியில் மாட்டுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

அடுத்த பாடவேளையில் மேசையில் அந்தப் பெண் உட்கார்ந்தாள், நாற்காலியில் கால் தரைக்கு எட்டவில்லை. நான் தரையில், ஏழை நாடு, மடியில் தாளும் கையில் நூலும். முதல் இழுப்பில் நூல் அறுந்தது. இரண்டாவதில் தாள் கோணலாகப் போனது. ஒரு வழியாக ஒரு கவரைச் செய்து கொண்டுபோய் வைத்தேன். அவள் எழுந்து போய்ச் சுவர் அட்டையில் வைத்து, திருப்பி, மறுபடி வைத்துப் பார்த்தாள்.

“ஓரம் பிசிறு சார்” என்றாள்.

அளவு சரியாக இருக்கிறதா, அதைச் சொல் என்று நான் விடாமல் நின்றேன். வகுப்பே எழுந்து அட்டையைச் சுற்றிக் கூடிவிட்டது.